நாற்பத்தொன்பது கிலோ தசரதன்

தசரதன் குத்துச்சண்டைக்காரன் ஆனதற்கு வீரம் காரணமில்லை. எடைதான் காரணம்.

2014-இல் அவன் திருப்பத்தூரில் ஒரு கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் மதியம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் உடற்கல்வி ஆசிரியர் வேகமாக வந்து நின்று, "நாப்பத்தொம்பது கிலோவுக்குக் கீழ எவன்டா இருக்கீங்க?" என்று கேட்டார். பல்கலைக்கழகப் போட்டிக்கு மற்ற எல்லா எடைப் பிரிவுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. மிகச் சிறிய பிரிவுக்கு மட்டும் ஒருவரும் அகப்படவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே தசரதன் மூன்றாவது தடவை சாம்பார் வாங்க வரிசையில் நின்றிருந்தான்.

"நீ எவ்ளோ இருப்ப?"

"தெரியாது சார்."

சமையலறையில் அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் அவனை ஏற்றினார்கள். தட்டோடு ஏறிவிட்டதால் இறக்கி, தட்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் ஏற்றினார்கள். நாற்பத்தெட்டரை.

"எனக்கு குத்துச்சண்ட தெரியாது சார்."

"அது ஒரு வாரத்துல தெரிஞ்சிடும். எடைதான்டா ஒரு வாரத்துல வராது."

அந்தப் பிரிவில் மொத்தமே நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். தசரதன் முதல் ஆட்டத்திலேயே தோற்றான். ஆனாலும் குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம் உண்டு என்பதால் கழுத்தில் பதக்கத்தோடுதான் ஊருக்கு மலையேறினான். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு கிலோமீட்டர் உள்ளே போனால் நெல்லிக்கொல்லை. முப்பத்தெட்டு வீடுகள். அவன் அம்மா மாணிக்கம்மாள் களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பதக்கத்தைக் கையில் வாங்கி, பிறகு அவன் வீங்கிய உதட்டையும் பார்த்தாள்.

"யார அடிச்ச?"

"நான் அடிக்கலம்மா. அவன்தான் அடிச்சான்."

"அதுக்கா இத குடுத்தாங்க?"

"ஆமாம்மா."

"நல்ல காலேஜ்தான்," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அவளிடம் அவன் ஒன்றைச் சொல்லவில்லை. தோற்ற அந்த ஆட்டத்தின் இரண்டாவது ரவுண்டில் அவனுடைய இடது கை ஒரே ஒரு தடவை நேராகப் போய் எதிராளியின் நெற்றியில் விழுந்தது. தோளிலிருந்து முஷ்டி வரை ஒரு கோடு இழுத்ததுபோல இருந்தது. அவனுக்கு எல்லாமே இடது கைதான். சோற்றில் பீச்சாங்கையை வைத்தால் அம்மா கரண்டியால் தட்டி வளர்த்த கை அது. அந்தக் கை போய்ச் சேர்ந்த சத்தம் அவனுக்கு இரண்டு நாள் காதிலேயே இருந்தது. இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது. திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனதும் அவனாகவே உடற்கல்வி ஆசிரியரைத் தேடிப் போனான்.

அதே போட்டியில் அறுபத்துநான்கு கிலோ பிரிவில் நாற்பது விநாடியில் தோற்றுப்போனவன் ஒருவன் இருந்தான். ஆலங்காயத்துக்காரன், பெயர் அசோக்குமார். தோற்ற அன்றே கிளவுஸைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆனால் தசரதனைவிடப் பெரிய பைத்தியமாக ஆனவன் அவன்தான். "எனக்கு போட வராதுடா மச்சி, பாக்க வரும்," என்பான். உலகத்தில் எந்த மூலையில் எவன் குத்தினாலும் அதைப் போனில் பார்த்து, எந்தக் கால் முன்னே போனது, எந்தக் கை கீழே இறங்கியது என்று சொல்வான். அப்படியே தசரதனுக்குப் பயிற்சியாளனும் ஆகிவிட்டான்.

படிப்பு முடிந்ததும் தசரதன் சொந்தமாக ஒரு 'சின்ன யானை' சரக்கு வண்டி வாங்கினான். மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு ஆலங்காயத்தில் இறக்குவான். இறக்கி முடிந்ததும், அசோக்குமாரின் அப்பாவுடைய புளிக் கிடங்கில் பயிற்சி. சாக்குக்குள் பழைய துணியும் சாமை உமியும் அடைத்து உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். குத்தக் குத்த உமி தூசியாகப் பறக்கும். புளிப்பு வாசனை மூக்கில் ஏறும். அங்கே மூச்சு விடப் பழகியவனுக்கு வேறெங்கும் மூச்சு வாங்காது என்று அசோக்குமார் பெருமையாகச் சொல்லுவான். காலையில் காவலூர் சாலையில் ஓட்டம். மேட்டில் பஸ் இரண்டாவது கியருக்கு இறங்கும் இடத்தில் தசரதன் பஸ்ஸைத் தாண்டி ஓடுவான். கண்டக்டர் படியில் நின்று கை தட்டுவார்.

2018-இல் சென்னையிலிருந்து கோபால்சாமி என்பவர் கூப்பிட்டார். தொழில்முறை ஆட்டங்களுக்கு ஜோடி சேர்ப்பது அவர் வேலை. தொழில்முறை என்றால் தலைக்கவசம் கிடையாது, பனியன் கிடையாது, கிளவுஸ் மெலிது, ரவுண்டு அதிகம். முக்கியமாக, ஆடினால் பணம் உண்டு. ஐம்பது கிலோ எண்ணூறு கிராம் பிரிவில் அவருக்கு ஓர் ஆள் அவசரமாகத் தேவைப்பட்டது. தசரதன் அப்போது ஐம்பத்தொன்றரை இருந்தான். ஒரு வேளை களியைக் குறைத்தால் போதும்.

சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த முதல் ஆட்டத்தை ஜெயித்தான். இரண்டாவதையும், மூன்றாவதையும் ஜெயித்தான். அதற்குப் பிறகு கோபால்சாமி பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னார்.

பேங்காக் அவனுக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. படகு பிடித்தது, மாம்பழமும் ஒட்டுச்சோறும் பிடித்தது, குனிந்து கும்பிடுகிற மனிதர்களைப் பிடித்தது. ஆட்டங்கள் மட்டும் பிடிபடவில்லை. முதல் தடவை தோற்றான். இரண்டாம் தடவையும் தோற்றான். அடுத்து மணிலாவில் தோற்றான், மறுபடியும் பேங்காக்கில் தோற்றான். ஒருவனும் அவனைக் கீழே தள்ளவில்லை. கடைசி மணி வரை நின்று, சிரித்துக்கொண்டே எதிராளியைக் கட்டிப்பிடித்து, புள்ளியில் தோற்றுவிட்டு வருவான். கூட்டம் எழுந்து கை தட்டும்.

எடை பார்ப்பது ஆட்டத்துக்கு முந்தின நாள் நடக்கும். அந்த இடத்தில் தசரதன் ஓர் அதிசயம். மற்றவர்கள் எல்லாரும் இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல், உதடு வெடித்து, பிளாஸ்டிக் பாட்டிலில் எச்சிலைத் துப்பிக்கொண்டு சுவரில் சாய்ந்து கிடப்பார்கள். இவன் வாழைப்பழம் தின்றுகொண்டு வருவான். தராசில் ஏறி, இறங்கி, அடுத்த பழத்தை உரிப்பான். அவர்கள் ஏன் இப்படிச் சாகிறார்கள் என்று பரிதாபமாக இருக்கும்.

ஆறாவது தோல்விக்குப் பிறகு விமான நிலையத்தில் கோபால்சாமி அவன் தோளில் கை போட்டார்.

"தம்பி, உன்ன இவங்களுக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. இன்னும் நாலு ஆட்டம் இருக்கு. நீ நல்லா தோக்கற."

தசரதன் முதலில் சிரித்தான். விமானம் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது வலித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அசோக்குமாரிடம், "மச்சி, என்னை தோக்கறதுக்குத்தான் கூப்டறாங்களா?" என்று கேட்டான். அசோக்குமாருக்கு அது முன்பே தெரியும். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிறகு ஊரடங்கு வந்தது. இரண்டு வருடம் எங்கும் ஆட்டமில்லை. தசரதன் வண்டி ஓட்டினான், கொல்லையில் சாமை விதைத்தான், உமி மூட்டையை மட்டும் விடாமல் குத்தினான். 2022-இல் கோபால்சாமி மறுபடி கூப்பிட்டபோது அவனுக்கு இருபத்தேழு வயது. குத்துச்சண்டை உரிமத்தைப் புதுப்பிக்க இரத்தப் பரிசோதனைச் சீட்டு வேண்டும் என்றார்.

ஜமுனாமரத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்று தடுப்பூசி நாள். குழந்தைகளோடு இருபது தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். தசரதனும் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். செவிலியர் ரேணுகாதேவி புதிதாக மாற்றலாகி வந்தவள், கலசப்பாக்கத்துப் பெண். எடுக்க வேண்டிய பரிசோதனைகள் எழுதிய அவனுடைய சீட்டை இரண்டு தடவை படித்தாள்.

"இன்னாத்துக்கு இவ்ளோ டெஸ்ட்? வெளிநாட்டு வேலைக்கா?"

"ஆமாங்க. ஒரு மாதிரி வேலதான். அடி வாங்கற வேல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் விளக்கிச் சொன்னான். அவள் நம்பவில்லை. அவன் போனை எடுத்து, கடைசியாகப் பேங்காக்கில் ஆடிய ஆட்டத்தைக் காட்டினான். ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டு, அழுகிற குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அவள் அந்தச் சின்னத் திரையை உற்றுப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே எடைன்னு சொன்னீங்களே?"

"ஒரே எடதாங்க. அம்பது எண்ணூறு."

"இவரு அம்பது எண்ணூறா? கழுத்தப் பாருங்க, தொடயப் பாருங்க. நான் தெனம் நூறு பேர எட போடறேன். இவரு அம்பத்தாறுக்கு ஒரு கிராம் கொறைய மாட்டாரு."

"எட பாக்கறது மொத நாள்ங்க. அதுக்கப்பறம் சாப்டுவாங்க, தண்ணி குடிப்பாங்க. ஏறிடும்."

"நீங்க?"

"நான் எப்பவும்போலதான். எனக்கு ஒரு வேள களிய விட்டா போதும்." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை இருந்தது.

ரேணுகாதேவி அவனைத் தராசில் ஏற்றினாள். ஐம்பத்தொன்று நானூறு. பதிவேட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டாள்.

"அவரு அம்பத்தேழுன்னு வச்சிக்கலாம். நீங்க அம்பத்தொண்ணு. ஆறு கிலோ. அப்டின்னா இன்னா தெரியுமா? பொறந்த கொழந்த ஒண்ணு மூணு கிலோ. ரெண்டு புள்ளய இடுப்புல கட்டிக்கினு வந்து உங்கள அடிச்சிருக்காரு. நீங்களும் சிரிச்சிக்கினே வாங்கிக்கினு வந்திருக்கீங்க."

உட்கார்ந்திருந்த தாய்மார்கள் சிரித்துவிட்டார்கள். தசரதன் சிரிக்கவில்லை. அங்கிருந்து நேராக ஆலங்காயம் போய் அசோக்குமாரிடம் சொன்னான். அசோக்குமார் ஆறு தோல்விகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தான். காலையும் கையையும் பார்த்துக்கொண்டிருந்தவன் முதல் தடவையாக உடம்பைப் பார்த்தான்.

"அந்தப் பொண்ணு சொல்றது நெசம்டா," என்றான். "நம்ம ரெண்டு பேரும் நாலு வருசமா மடப்பசங்களா இருந்திருக்கோம்."

பரிசோதனை முடிவை வாங்கப் போனவன் அதற்கடுத்த வாரமும் போனான். அதற்கடுத்த வாரம் போக ஒரு காரணமும் இல்லை, ஆனாலும் போனான். அவள் அதற்குள் எடைப் பிரிவுகளின் பட்டியலை எழுதி வைத்திருந்தாள். "நாப்பத்தொம்பது கிலோவுக்குள்ள ஒரு பிரிவு இருக்குது. உங்களுக்கு ரெண்டரை கிலோ கொறைக்கணும், அவ்ளோதான். அங்க வர்றவங்க உங்க அளவுதான் இருப்பாங்க," என்றாள். அவன், "எனக்கு பசி தாங்காதுங்களே," என்றான். "அத நான் பாத்துக்கறேன்," என்று சொன்னவள், சொன்ன பிறகு அந்த வார்த்தை எவ்வளவு தூரம் போகிறது என்று உணர்ந்து பதிவேட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். தாய்மார்கள் மறுபடியும் சிரித்தார்கள்.

அவள் அப்பாவுக்கு மாப்பிள்ளையின் ஊர் எது, சாதி எது என்பதைவிட, அவன் மூக்கு எத்தனை நாளைக்கு நேராக இருக்கும் என்பதில்தான் கவலை. "போட்டோல நல்லா இருக்கறப்பவே கல்யாணத்த வச்சிடலாம்," என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். 2023 தை மாதம் ஜமுனாமரத்தூரில் கல்யாணம். பழைய பிரிவில் இனி ஆட மாட்டேன் என்று தசரதன் முன்பே சொல்லியிருந்தும், கோபால்சாமி வந்து விருந்து சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, ஆகஸ்டில் பேங்காக்கில் ஓர் ஆட்டம் இருக்கிறது என்றார். நாற்பத்தொன்பது கிலோவுக்கு இருபது கிராம் குறைந்த பிரிவு. எதிராளி சோம்சாய், ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதும் ஜெயித்தவன், அந்த ஊரின் செல்லப்பிள்ளை. "பத்தாவதா அவன் உன்ன ஜெயிக்கணும்னு ஆசப்படறாங்க," என்றார். ரேணுகாதேவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "சரின்னு சொல்லுங்க," என்றாள்.

ஜூன் முதல் வாரத்திலிருந்து பத்து வாரம். பட்டினி கிடையாது, தண்ணீரை நிறுத்துவது கிடையாது. வாரத்துக்குக் கால் கிலோ, அதற்கு மேல் இறங்கவும் கூடாது என்று அவள் அட்டவணை போட்டாள். ஆனால் ஜூனில் மலை முழுக்கப் பலாப்பழம். வீட்டுக்கு வீடு பழுத்துக் கிடக்கும். வண்டியை நிறுத்துகிற இடத்திலெல்லாம் இலையில் நாலு சுளையை வைத்து நீட்டுவார்கள். வாங்காவிட்டால் சண்டை.

மூன்றாவது வாரம் எடை இறங்கவில்லை. நான்காவது வாரம் முந்நூறு கிராம் கூடியிருந்தது. ரேணுகாதேவி அவனை ஒன்றும் கேட்கவில்லை. மாமியாரிடம் போனாள்.

"அத்த, நீங்க இவருக்கு சுள குடுக்கறீங்களா?"

மாணிக்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "குடுக்கறேன். பெத்தவ குடுக்காத வேற யார் குடுப்பா? நீ வந்து ஆறு மாசத்துல எம் புள்ள கன்னம் உள்ள போயிடுச்சு. ஊர்ல கேக்கறாங்க, மருமவ சோறு போடறதில்லயான்னு."

ரேணுகாதேவி பேங்காக் ஆட்டத்தைப் போனில் போட்டு மாமியார் கையில் கொடுத்தாள். மாணிக்கம்மாள் மகன் ஆடியதை அதுவரை பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்றிருந்தாள். ஆறு ரவுண்டையும் உட்கார்ந்து பார்த்தாள். நடுவில் ஒரு தடவை, "அந்தத் தடியன் யாரு?" என்று கேட்டாள்.

"அவருக்கும் இவருக்கும் ஆறு கிலோ வித்தியாசம் அத்த. இவரு ரெண்டரை கிலோ கொறச்சா, இவரு அளவு ஆளோட போடலாம்."

மாணிக்கம்மாள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் நெல்லிக்கொல்லையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு போனாள். "எம் புள்ளைக்கு எவளாச்சும் ஒரு சுள குடுத்தீங்கன்னா, அந்த மரத்த வெட்டிடுவேன்."

அதற்குப் பிறகு மருமகள் விட்டாலும் மாமியார் விடவில்லை. ஒடுகத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் தசரதனின் இலையிலிருந்த லட்டை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டாள். வண்டியில் போகும்போது முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆலங்காயம் வரை வந்து, டீக்கடையில் அவன் கையிலிருந்த வடையைப் பிடுங்கி நாய்க்குப் போட்டாள். "எனக்கு ரெண்டு நர்சு," என்று தசரதன் அசோக்குமாரிடம் புலம்பினான். எடை இறங்கியது.

ஆகஸ்ட் மாதம் தசரதன், அசோக்குமார், ரேணுகாதேவி மூன்று பேரும் பேங்காக் போனார்கள். ஆட்டத்தின்போது ரிங்கின் மூலையில் நின்று, ரவுண்டுக்கு ரவுண்டு கிடைக்கும் ஒரு நிமிடத்தில் இரத்தத்தை நிறுத்தவும் வீக்கத்தை அழுத்தவும் ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு ரேணுகாதேவி பெயரைக் கொடுத்திருந்தார்கள். அவள் ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

முதல் ரவுண்டில் சோம்சாய் மின்னலாக வந்தான். தசரதன் மூன்று அடி வாங்கிவிட்டு அவனைக் கட்டிப்பிடித்தான். எத்தனையோ ஆட்டங்களில் இப்படிக் கட்டிப்பிடித்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் எதிராளி அவனைக் கயிறு வரை தள்ளிக்கொண்டு போவான், தசரதனின் கால்கள் தரையில் இழுபடும். இந்தத் தடவை தசரதன் காலை ஊன்றித் தள்ளினான். சோம்சாய் பின்னால் போனான்.

தசரதனுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தான். மறுபடியும் போனான். மணி அடித்ததும் மூலைக்கு வந்து உட்கார்ந்தவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"மச்சி, தள்ளுனா போறான்டா!"

"போவான்டா, போவான். இப்ப அடிச்சிப் பாரு," என்றான் அசோக்குமார்.

மூன்றாவது ரவுண்டில் தலையும் தலையும் மோதி தசரதனின் புருவம் கிழிந்தது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நடுவர் மருத்துவரைக் கூப்பிடலாமா என்று மூலைப் பக்கம் பார்த்தார். மணி அடித்து அவன் மூலைக்கு வந்ததும் ரேணுகாதேவி பஞ்சை வைத்து அழுத்தினாள். தசரதன் தலையை அசைத்தான்.

"ஆறு மாசக் கொழந்தகூட ஊசி போடறப்ப இவ்ளோ ஆடாது. சும்மா இருங்க."

ஐம்பது விநாடியில் இரத்தம் நின்றது. அவன் எழுந்தபோது அவள் அவன் விலாவில் தன் விரலை வைத்துக் காட்டினாள். "அவரோட இந்தப் பக்கம். வலது விலாவுக்குக் கீழ. கல்லீரல் அங்கதான் இருக்குது. உங்க பீச்சாங்கைக்கு நேரா இருக்குது, பாருங்க."

ஐந்தாவது ரவுண்டில் சோம்சாய் வலது கையை ஓங்கி வந்தான். முழங்கை மேலே போனது. தசரதன் குனிந்து, இடது கையை அவள் காட்டிய இடத்தில் வைத்தான். பெரிய அடிபோலத் தெரியவில்லை. சோம்சாய் ஓர் அடி பின்னால் வைத்தான், யோசிப்பவன்போல ஒரு கணம் நின்றான், பிறகு மெல்ல இரண்டு முழங்காலிலும் உட்கார்ந்தான். நடுவர் பத்து எண்ணி முடித்தும் அவனால் எழ முடியவில்லை.

தசரதனுக்கே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. தோற்றால் செய்கிற எல்லாம் அவனுக்குப் பழக்கம். பழக்கப்படியே போய் சோம்சாயைத் தூக்கிக் கட்டிக்கொண்டான். அப்புறம்தான் அசோக்குமார் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து அவனைத் தூக்கிச் சுற்றினான். நாற்பத்தொன்பது கிலோ அல்லவா, சுலபமாகத்தான் இருந்தது.

கோபால்சாமி மறுநாள் போனில், "இன்னா தம்பி, அவங்க என்னை திட்றாங்கய்யா," என்றார். குரலில் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது.

ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகு வெகுநாள் ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. தோற்பதற்கு ஆள் தேடுபவர்களுக்கு அவன் இனி உதவ மாட்டான். ஜெயிப்பவனாக அவனை விளம்பரம் செய்ய அவன் ஊரில் பணக்காரன் ஒருவனும் இல்லை. இரண்டு வருடத்தில் சென்னையில் இரண்டு சிறிய ஆட்டங்கள்தான் கிடைத்தன. இரண்டையும் ஜெயித்தான். அந்தக் காலம் வீணாகப் போகவில்லை. 2024-இல் மகள் பிறந்தாள். காவியா என்று பெயர் வைத்தார்கள். சரியாக மூன்று கிலோ. அவளை முதல் தடவை கையில் வாங்கியபோது தசரதன், "இவள மாதிரி ரெண்டா?" என்று வியந்தான். ரேணுகாதேவி கட்டிலில் படுத்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

2025 ஆடியில் கோபால்சாமி நேரில் மலையேறி வந்தார். அந்தப் பிரிவின் இந்தியப் பட்டத்துக்குச் சென்னையில் ஆட்டம். பத்து ரவுண்டு. பட்டத்தை வைத்திருப்பவன் உத்தரகாண்டைச் சேர்ந்த ராவத்.

"இந்தத் தடவயும் தோக்கணும்னு கேக்கறாங்களா சார்?" என்றான் தசரதன்.

"இல்லப்பா. நானே கெஞ்சி வாங்கினு வந்தேன்," என்றார் கோபால்சாமி. மாணிக்கம்மாள் அவருக்குப் பலாக்கொட்டைக் குழம்பு ஊற்றினாள். மகனுக்குக் கஞ்சி.

செப்டம்பரில் எடை பார்க்கும் நாள். சென்னையில் ஒரு ஓட்டலின் கூடம். மாணிக்கம்மாளும் பேத்தியோடு வந்திருந்தாள். மடியில் ஒரு பெரிய தூக்குவாளி. பத்து வாரமாக மகனுக்கு மறுத்த சாமைப் பொங்கலை நெய்விட்டுக் கிளறி எடுத்து வந்திருந்தாள். தசரதன் ஏறினான். நாற்பத்தெட்டு தொள்ளாயிரம். ராவத் ஏறினான். அவன் உதடு வெடித்திருந்தது, கண் குழிக்குள் போயிருந்தது. இறங்கும்போது கால் தடுமாறி, அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவனும் ஒரு மலைக் கிராமத்துக்காரன்தான். கூட வந்தவர்கள் இருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

மாணிக்கம்மாள் வாளியைத் திறந்தாள். முதல் தட்டை மகனிடம் கொடுக்கவில்லை. நேராக ராவத்திடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"சாப்டு நைனா."

ராவத்துக்கு மொழி புரியவில்லை. வாசனை புரிந்தது. பயிற்சியாளரைப் பார்த்தான், தசரதனைப் பார்த்தான். தசரதன் தலையை ஆட்டி, தானும் அதே வாளியிலிருந்து ஒரு கை எடுத்து வாயில் போட்டுக் காட்டினான்.

"அம்மா, நாளைக்கு அவன்தாம்மா என்ன அடிக்கப் போறான்."

"அடிக்கட்டும். தின்னுட்டு அடிக்கட்டும். அவனயும் ஒருத்தி பெத்துதான வுட்டிருக்கா, எப்டி வாடிக் கெடக்கறான் பாரு."

ராவத் இரண்டு தட்டு சாப்பிட்டான். எழுந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பத்திரிகைக்காரர்கள் கேட்டுக்கொண்டபடி இருவரும் எதிரெதிரே நின்று முறைத்துப் போஸ் கொடுக்க முயன்றார்கள். நான்கு தடவை எடுத்தும், நான்கிலும் யாராவது ஒருவர் சிரித்துவிட்டார். கடைசியில் சிரிக்கிற படமே பத்திரிகையில் வந்தது.

மறுநாள் சாயங்காலம் மலையிலிருந்து இரண்டு வேனும் நான்கு சின்ன யானைகளும் வந்து இறங்கின. பத்து ரவுண்டும் இருவரும் ஓர் அடி இடைவெளியில் நின்று ஆடினார்கள். ராவத் சாப்பிட்டதன் பலன் தெரிந்தது. ஏழாவது ரவுண்டில் அவன் விட்ட ஓர் அடியில் தசரதன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீழே விழுந்தான். எட்டு எண்ணும்போது எழுந்தான். கூட்டத்திலிருந்து மாணிக்கம்மாளின் குரல் கேட்டது. மகனைக் கூப்பிடுகிறாளா, ராவத்தைத் திட்டுகிறாளா என்று யாருக்கும் விளங்கவில்லை. மூலையில் ரேணுகாதேவி அவன் கண்ணுக்குள் பார்த்து, "என் பேரு இன்னா?" என்றாள். "நர்சம்மா," என்றான். "தெளிவாத்தான் இருக்காரு," என்று அசோக்குமாரிடம் சொன்னாள். எட்டு, ஒன்பது, பத்து என்று கடைசி மூன்று ரவுண்டிலும் தசரதனின் இடது கை ராவத்தின் விலாவை விடவே இல்லை.

மதிப்பெண் போட்ட மூவரில் ஒருவர் ராவத்துக்குக் கொடுத்தார். இருவர் தசரதனுக்குக் கொடுத்தார்கள். அறிவிப்பாளர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நெல்லிக்கொல்லைக்காரர்கள் பறையை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பட்டத்துக்கு அடையாளமான பெல்ட்டை அவன் இடுப்பில் கட்டினார்கள். அது யாரோ பெரிய இடுப்புக்காரனுக்காகச் செய்தது. கையை எடுத்ததும் முழங்காலுக்கு நழுவியது. ராவத்தான் பின்னாலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு நின்றான், படம் எடுத்து முடியும்வரை.

ஊர் திரும்பியதும் சண்டை வந்தது. பெல்ட்டை எங்கே வைப்பது? பஞ்சாயத்து அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டி செய்து வைக்கலாம் என்றார் தலைவர். கோயிலில் வைக்கலாம் என்றார் பூசாரி. என் வீட்டில்தான் என்றாள் மாணிக்கம்மாள். பள்ளிக்கூடத்து டீச்சர் பள்ளிக்கூடம் என்றார். மூன்று மணிநேரம் பேசியும் தீரவில்லை. கடைசியில் தசரதனே ஒரு வழி சொன்னான். முப்பத்தெட்டு வீடு இருக்கிறது, வீட்டுக்கு ஒரு வாரம் இருக்கட்டும் என்றான். யாரும் மறுக்கவில்லை. முதல் வாரம் ஊர்க்கோடி வீட்டிலிருந்து தொடங்கியது. அங்கே அதைத் தொட்டிலில் தொங்கவிட்டுக் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டினார்கள். குப்பம்மாள் வீட்டில் வெறுமனே வைக்க மனசில்லாமல் மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தார்கள். ரங்கன் அதைக் கட்டிக்கொண்டே ஒடுகத்தூர் சந்தைக்குப் போய்வந்தான். அவனுக்கு இடுப்பு சரியாக இருந்தது.

இதை எழுதும் தை மாதத்தில் பெல்ட் பத்தொன்பதாவது வீட்டில் இருக்கிறது. அடுத்த ஆட்டம் ஜூனில், அதே பட்டத்துக்கு, அதே ராவத்தோடு. அதற்குள் முப்பத்தெட்டு வீடும் முடிந்துவிடாது. மீதி வீட்டுக்காரர்கள் தினமும் காலையில் காவலூர் சாலையில் தசரதன் ஓடும்போது, வண்டியை நிறுத்திக் கேட்கிறார்கள்: "எங்க வூட்டுக்கு வர்ற வரைக்கும் வச்சிருப்ப இல்ல?"

"வச்சிருக்கறேன்," என்று சொல்லிவிட்டு அவன் மேட்டில் ஏறுகிறான்.